தூக்குக் கயிறு மீண்ட கதை

மகாவமிசத்தைப் படிப்போர் அதில் ஒன்றோடொன்று ஒவ்வாத இரு மன்னர்களைக் காண்பர். ஒருவன் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட தமிழ் வேந்தனாகிய எல்லாளன். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்து முறையிட, அக்கன்றின்மேல் தேரூர்ந்த தன் மைந்தனின் தலையை அதே தேர்ச் சக்கரத்தால் அறுப்பித்தான் என்று அந்நூல் கூறுகின்றது. திருவாரூரில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பாடிய மனுநீதிச் சோழன் வரலாறும் ஏறக்குறைய இதுவே. மற்றவன் கி. பி. 3 ஆம் நூற்றாண்டினனான சிறிசங்கபோ. இவன் பிடிபட்ட குற்றவாளிகளை எவரும் அறியாமல் விடுவித்துவிட்டு, வேறு காரணங்களால் இறந்தோரின் உடல்களை அவர்களுக்குப் பதிலாக எரியூட்டச் செய்தானாம். அரசன் தண்டிக்கின்றான் என்ற அச்சம் நாட்டில் நிலவிற்று; உயிர் மட்டும் ஒன்றும் போகவில்லை. நூலாசிரியரான மகாநாம தேரர் இவ்விருவரையும் புகழ்கின்றார். இரண்டில் எது அரசனுக்குரிய நெறி என்று அவர் தீர்ப்புக் கூறவில்லை.

அத்தீர்ப்பை இந்நாடு இன்னமும் முடிவாகக் கூறவில்லை. ஆனால் 1956 ஆம் ஆண்டு முதல் 1962 ஆம் ஆண்டு வரையான ஆறாண்டுக் காலத்தில், அக்கேள்வி ஏட்டை விட்டு இறங்கி நம் பாராளுமன்றத்திற்கும் நீதிமன்றத்திற்கும் சிறைச்சாலைக்கும் வந்தது. தூக்குத் தண்டனையை நிறுத்திவைத்தோம். நிறுத்தியதன் பயனை அறிய ஆணைக்குழு ஒன்றை அமைத்தோம். அவ்வாணைக்குழுவின் அறிக்கையில் மை உலருமுன்னே தண்டனையை மீளக் கொணர்ந்தோம். அந்த ஆறாண்டுக் கதையே இப்பேச்சின் பொருளாகும். அதற்கு முன் நடந்தவற்றைச் சுருக்கமாகப் பார்த்துச் செல்லலாம்.

தமிழ் அறநூல் மரபு மரணதண்டனையை முற்றாக வெறுத்தது என்று சொல்ல இயலாது. செங்கோன்மை அதிகாரத்தில் திருவள்ளுவர், கொடியவர்களை வேந்தன் ஒறுத்தலைப் பசும் பயிரினின்று களையெடுத்தலோடு ஒப்பிடுகின்றார். கொலையால் ஒறுத்தல் என்றே பரிமேலழகர் அதற்கு உரை கண்டார். கொல்லாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தவரும் அதே வள்ளுவர்தாம். பௌத்த மரபிலும் இவ்விருமை உண்டு. வோகாரிக திஸ்ஸன் என்ற மன்னன் உடலுக்கு ஊறு செய்யும் தண்டனைகளை ஒழித்தான் என மகாவமிசம் குறிக்கின்றது. ஆயினும் அவனுக்குப் பின்வந்த பௌத்த அரசர்களின் ஆட்சியில் கொலைக்களம் ஓய்ந்துவிடவில்லை. 1681 ஆம் ஆண்டில் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலில், யானையைக் கொண்டு குற்றவாளியைக் கொல்லும் காட்சி படமாகவே இடம்பெற்றுள்ளது. கண்டி இராச்சியத்தில் உயிரை வாங்கும் உரிமை அரசன் ஒருவனுக்கே இருந்தது. 1814 ஆம் ஆண்டில் எகலப்பொல அதிகாரின் குழந்தைகள் சிரச்சேதம் செய்யப்பட்டதும், அவர்தம் மனைவி போகம்பறைக் குளத்தில் அமிழ்த்தப்பட்டதும் அவ்வுரிமையின் கடைசிக் கொடுமைகளுள் அடங்குவன. குற்றம் செய்தவர் கணவர். மாண்டவர்கள் மனைவி மக்கள்.

அந்நியர் வந்தபோது தண்டனையின் கருவிகள் மாறின, தண்டனை மாறவில்லை. தூக்கிலிடுவோனை நாம் இன்றும் அலுகோசு என்கின்றோம். தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வழங்கும் இச்சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. வேறு பல நல்ல சொற்களையும் அவர்கள் தந்து போனார்கள் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். இது அவற்றுள் ஒன்றன்று. ஒல்லாந்தர் காலத்தில் நிகழ்ந்த ஒன்றையும் இங்குச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1726 முதல் 1729 வரை இலங்கையில் ஒல்லாந்தத் தேசாதிபதியாக இருந்தவர் பெத்ருஸ் வொய்ஸ்ற். சதி செய்தனர் என்று பலரைக் குற்றஞ்சாட்டி, நீதி விசாரணை என்ற பெயரில் கொன்று குவித்தார். இறுதியில் அவரே பிடிபட்டுப் பத்தாவியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1732 ஆம் ஆண்டில் அங்கு மரணதண்டனைக்கு ஆளானார். நீதியின் உடை அணிந்து செய்யும் கொலையும் கொலையே என்பதை ஒல்லாந்தக் கும்பனி ஒருமுறையேனும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட முறையும் இன்னொரு கொலைதான்.

ஆங்கிலேயர் 1815 மார்ச்சு 2 ஆந் திகதி செய்துகொண்ட கண்டி ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகள் நம் பொருளுக்கு உரியவை. ஒன்று, சித்திரவதையையும் அங்கம் வெட்டுதலையும் அறவே ஒழித்தது. மற்றையது, தேசாதிபதியின் எழுத்து மூலமான ஆணையின்றி எவருக்கும் மரணதண்டனையை நிறைவேற்றலாகாது என்றது. அரசனின் வாய்மொழி போய்க் கையொப்பமிட்ட பத்திரம் வந்தது. இது பெரும் முன்னேற்றமே. ஆனால் மூன்றாண்டுகளில் கலகம் மூண்டபோது, 1818 நவம்பரில் கெப்பெற்றிபொலவின் தலை வாளால் துணிக்கப்பட்டது. 1848 இல் கண்டியில் புரன் அப்பு சுடப்பட்டான். 1915 சூலையில் ஹென்றி பேதிரிஸ் என்ற இருபத்தாறு வயது இளைஞர், இராணுவச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட்டுச் சுடப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றத்தை அக்காலத்து மக்களும் நம்பவில்லை, பின்வந்தோரும் நம்பவில்லை. அமைதிக் காலத்தில் பத்திரமும் கையொப்பமும் தேடும் அரசு, அஞ்சும் காலத்தில் அவற்றை எவ்வளவு விரைவில் எழுதிக்கொள்கின்றது என்பதற்கு இவை மூன்றும் போதும்.

சாதாரணக் குற்றங்களைப் பொறுத்தவரை, 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை கொலைக்கு மரணம் என்று விதித்தது. அச்சட்டத்தின் 296 ஆம் பிரிவு பல தலைமுறை வழக்கறிஞர்களுக்கு மனப்பாடம். யூரிமார் கொலையாளி என்று கண்டுவிட்டால் நீதிபதிக்கு வேறு வழியில்லை. மரணம் என்றே கூற வேண்டும். வெலிக்கடையிலும் போகம்பறையிலும் தூக்குமேடைகள் இருந்தன.

ஐரோப்பாவில் இதற்குள் வேறு காற்று வீசத் தொடங்கியிருந்தது. இத்தாலியரான பெக்காரியா 1764 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுநூலில், கொலையை வெறுக்கும் சட்டம் தானே கொலை செய்வது எங்ஙனம் பொருந்தும் என்று வினவினார். 1786 இல் தஸ்கனி நாடு மரணதண்டனையை ஒழித்தது. நமக்கு அண்மையில், கடலுக்கு அக்கரையிலேயே, திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944 இல் அதனை ஒழித்து, பின்னர் இந்தியாவோடு இணைந்தபோது அச்சீர்திருத்தத்தை இழந்தது. இலங்கையிலும் 1928 இலேயே சட்டநிரூபண சபையில் டி. எஸ். சேனநாயக்கா இத்தண்டனையை ஒழிக்க வேண்டுமெனத் தீர்மானம் கொணர்ந்தார். சபை ஏற்றது, சட்டம் அசையவில்லை.

1956 ஆம் ஆண்டில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா பிரதமரானார். அவ்வாண்டிலேயே தூக்குத் தண்டனைகள் நிறுத்தப்பட்டன. 1958 இல் பாராளுமன்றம் மூன்றாண்டுக் காலத்திற்கு மரணதண்டனையை இடைநிறுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. கொலைக் குற்றத்திற்கு ஆயுட்காலச் சிறை என்பது சட்டமாயிற்று. நமக்குச் சட்டம் கற்பித்த இங்கிலாந்து இதே காரியத்தைச் செய்தது 1965 இல்தான் என்பதை நேயர்கள் கருத்திற் கொள்வாராக. மாணாக்கன் ஆசிரியனுக்கு முந்திய இடங்கள் நம் வரலாற்றில் அதிகமில்லை.

நிறுத்தியதோடு அரசாங்கம் அமையவில்லை. அடிலெயிட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் நோர்வல் மொறிஸ் தலைமையில் ஓர் ஆணைக்குழுவை நியமித்து, தூக்குக் கயிறு இல்லாமையால் கொலைகள் பெருகினவா என்று ஆராயும்படி பணித்தது. இக்கேள்வியை இவ்வாறு கேட்டதே சிறப்பு. மரணதண்டனைபற்றி மேடைகளில் பேசுவோர் பெரும்பாலும் தம் நெஞ்சைக் கேட்டே விடை சொல்லுவர். ஆணைக்குழு கணக்கைக் கேட்டது. முந்திய ஆண்டுகளின் கொலைத் தொகைகளை ஆராய்ந்து, சாட்சியங்களைக் கேட்டு, அது கண்ட முடிவு தெளிவானது. தண்டனையை நிறுத்தியதனால் கொலைகள் கூடின என்று காட்டுவதற்குச் சான்றில்லை. ஆகவே இடைநிறுத்தம் தொடர வேண்டும்.

நம் நாட்டுக் கொலைகளை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. காணி எல்லையில் மூளும் சச்சரவு, கள்ளுத் தவறணையிலே தடித்த சொல், குடும்பத்துள் நெடுநாள் புகைந்த பொறாமை இவையே பெரும்பாலான கொலைகளுக்குக் காரணம். கையிற் கிடைத்த கத்தியை ஓங்குபவன் அக்கணத்தில் 296 ஆம் பிரிவை நினைப்பதில்லை. திட்டமிட்டுக் கொல்பவனோ தான் அகப்படமாட்டேன் என்று எண்ணியே கொல்கின்றான். அச்சம் வேலை செய்வது யோசிப்பவனிடத்து. யோசிப்பவன் தண்டனையின் கடுமையைவிட அகப்படும் உறுதியையே கணக்கிடுகின்றான். பெக்காரியா கூறியதும் இதுதான்.

ஆணைக்குழுவின் அறிக்கை 1959 செப்டெம்பர் மாதத்துக்குரியது. அதே மாதம் 25 ஆந் திகதி காலை, கொழும்பு ரொஸ்மீட் பிளேசிலுள்ள தமது இல்லத்தில், தம்மைக் காண வந்தோரைச் சந்தித்துக்கொண்டிருந்த பிரதமரை, காவி உடுத்த ஒருவர் சுட்டார். கண் வைத்தியம் செய்துவந்த தல்துவே சோமராம தேரர் அவர். பிக்கு ஒருவரைக் கண்டதும் பிரதமர் குனிந்து வணங்கினார் என்பதை எண்ணுங்கால் இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது. மறுநாள் அவர் மருத்துவமனையில் உயிர் நீத்தார். உயிர் பிரியுமுன் நாட்டு மக்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். தம்மைச் சுட்டவர் பிக்குவின் உடை தரித்த ஒரு மூடர் என்றும், அவரிடம் கருணை காட்ட வேண்டும், பழிவாங்க முயலலாகாது என்றும் அதில் வேண்டிக்கொண்டார். அவர் தம் ஆட்சியில் எத்தனையோ தவறுகளைச் செய்தார் என்போர் உளர். தமிழ் மக்கள் மறக்க இயலாத தவறும் அவற்றுள் உண்டு. அந்த அறிக்கையைப் பொறுத்தவரை எவரும் குறை கூற இயலாது. மரணதண்டனை வேண்டாம் என்று சட்டம் செய்த மனிதர், தம் உடலில் குண்டுகள் பாய்ந்த பின்னும் அக்கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

மாற்றிக்கொண்டவர்கள் மற்றவர்கள். நாடு துயரத்திலும் சினத்திலும் ஆழ்ந்திருந்தது. டபிள்யூ. தகநாயக்கா தலைமையிலான அரசாங்கம், இடைநிறுத்தச் சட்டத்தை நீக்கி மரணதண்டனையை மீண்டும் கொணரும் எனச் சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. 1959 டிசெம்பரில் நீக்கற் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மொறிஸ் ஆணைக்குழுவின் கணக்குகளை எவரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய தேவையே எழவில்லை; அவற்றைக் கேட்கும் மனநிலை அப்பொழுது நாட்டில் இல்லை.

தண்டனையை மீளக் கொணர்ந்தது ஒருபுறம் இருக்கட்டும். அதனைக் கொணர்ந்த முறை அதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது. செப்டெம்பர் 25 ஆந் திகதி துப்பாக்கி வெடித்த வேளையில், இலங்கைச் சட்டப்படி கொலைக்குரிய தண்டனை ஆயுட்காலச் சிறை. டிசெம்பர்ச் சட்டமோ, அதற்கு முன் நிகழ்ந்த கொலைகளுக்கும் மரணதண்டனை பொருந்துமாறு பின்னோக்கிச் சென்றது. ஒருவன் ஒரு செயலைச் செய்யும் நாளில் அதற்கு எத்தண்டனை உண்டோ, அதற்கு மேற்பட்ட தண்டனையைப் பின்னர் செய்த சட்டத்தால் அவனுக்கு விதிக்கலாகாது என்பது நாகரிக நாடுகள் போற்றும் நெறி. ஏன் இந்நெறி? சட்டம் செய்வோர் ஆளின் முகத்தைப் பார்த்துச் செய்யலாகாது என்பதற்காக. 1959 இல் பாராளுமன்றம் ஒரு முகத்தைப் பார்த்தே சட்டம் செய்தது. அம்முகம் அன்பிற்குரியதன்று என்பது உண்மை. நெறிகளைச் சோதித்துப் பார்ப்பதற்கு அன்பிற்குரிய முகங்கள் வருவதே இல்லை.

வழக்கு 1961 பெப்ரவரியில் நீதியரசர் டி. எஸ். பெர்னாண்டோ முன்னிலையில் தொடங்கி மே மாதத்தில் முடிந்தது. சோமராமருக்கும், சதியின் தலைவர் எனக் காணப்பட்ட மாப்பிட்டிகம புத்தரக்கித தேரருக்கும், எச். பி. ஜயவர்த்தனாவுக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. மூவரும் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றனர். அங்கேதான் சட்டத்தின் எழுத்து தன் வேலையைக் காட்டிற்று. அவசரத்தில் வரைந்த நீக்கற் சட்டம், முன்னர் நடந்த கொலைக்கு மரணதண்டனை என்று பின்னோக்கிக் கூறியதேயன்றி, கொலை செய்யச் சதி செய்தலை அதில் முறையாகச் சேர்க்கவில்லை. ஐயத்துக்கிடமாகவும் ஓர் உயிரைப் பறிக்கும் வகையிலும் சட்டத்தை விரித்துப் பொருள் கொள்ள நீதிபதிகள் உடன்படவில்லை. சதியின் பொருட்டுத் தண்டிக்கப்பட்ட இருவரும் ஆயுட்சிறைக்கு மாற்றப்பட்டனர். சுட்டவருக்கு மட்டும் தூக்கு உறுதியாயிற்று.

விளைவை எண்ணிப் பாருங்கள். ஏவினோர் என்று நீதிமன்றம் கண்டவர்கள் பிழைத்தனர், ஏவப்பட்டவர் மாண்டார். இது நீதிபதிகளின் தவறன்று. அவர்கள் செய்தது தக்கதே. துயரத்தில் எழுதிய சட்டம் இப்படித்தான் அமையும்.

1962 சூலை 6 ஆந் திகதி வெலிக்கடையில் சோமராமர் தூக்கிலிடப்பட்டார். முன்னரே காவியைக் களைந்திருந்த அவர், இறுதி நாட்களில் கிறித்தவராக மாறியிருந்தார். அப்பொழுது பிரதமர் பதவியில் இருந்தவர் கொல்லப்பட்டவரின் மனைவியாகிய சிறிமாவோ பண்டாரநாயக்கா. கணவரின் இறுதி வேண்டுகோளை அவர் நினைந்திருக்க வேண்டும் என்று அவரிடம் கேட்கும் உரிமை நமக்கில்லை. கைம்பெண் ஒருத்தியை மன்னிக்கும்படி வற்புறுத்துவது அறமாகாது. மன்னிப்பும் பழியும் தனிமனிதர் நெஞ்சைச் சார்ந்தவை. அதனாலன்றோ தண்டிக்கும் வேலையை அவர்களிடமிருந்து எடுத்து அரசிடம் ஒப்படைத்தோம். அரசும் பாதிக்கப்பட்ட குடும்பத்தைப் போலவே கண்ணீரும் சினமுமாய் நடந்துகொள்ளுமாயின், ஒப்படைத்ததன் பயன் யாது?

மூன்றாண்டுகள் கழித்து இதற்கு ஒருவகை விடை வேறு வழக்கொன்றில் வந்தது. 1962 சனவரியில் அரசைக் கவிழ்க்க முயன்றனர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோருக்கென்றே பாராளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றைப் பின்னோக்கி இயற்றியது. தண்டிக்கப்பட்டவர்கள் இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்தனர். குறிப்பிட்ட ஆட்களைக் குறிவைத்துச் சட்டம் செய்வது நீதித்துறையின் அதிகாரத்தைப் பறிப்பதாகும் என்று கூறி, 1965 டிசெம்பரில் கவுன்சில் அத்தண்டனைகளைத் தள்ளுபடி செய்தது. அவ்வழக்கு மரணதண்டனையைப் பற்றியதன்று. இரு சட்டங்களும் ஒன்றல்ல. ஆயினும் அத்தீர்ப்பைப் படிக்கும்போது 1959 டிசெம்பரை நினையாமல் இருக்க முடிவதில்லை. ஒன்றில் மேன்முறையீடு செய்தவர்கள் வீடு திரும்பினர். மற்றதில் திரும்பி வர ஆளில்லை.

மரணதண்டனைக்கு எதிரான வாதங்களுள் இதுவே எனக்கு வலியது. சிறை வைத்தவனை விடுவிக்கலாம். தண்டப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் தவற்றைச் சிலம்பின் பரலைக் கண்ட அக்கணமே உணர்ந்தான். உணர்ந்து உயிரையே விட்டான். அப்பொழுதும் கோவலன் எழுந்து வரவில்லை. பொற்கொல்லன் சொல்லை நம்பி ஆணையிட்ட அவன் கொடுங்கோலன் அல்லன். நல்லரசன் அவசரத்தில் செய்த பிழை அது. அதனால்தான் அக்கதை இத்தனை நூற்றாண்டுகள் கடந்தும் நம்மைச் சுடுகின்றது. மறுபுறத்து வாதத்தையும் நான் இலேசாக எண்ணவில்லை. குழந்தையைக் கொன்றவன் சிறையில் உண்டு உறங்குகின்றான் என்று ஒரு தாய் கதறும்போது, கணக்குக் காட்டி அவள் வாயை அடைக்க இயலாது. அவளுக்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம். அக்கடனைக் கயிற்றால் தீர்த்துவிட்டதாக அரசு எண்ணிக்கொள்வதைத்தான் ஏற்க இயலவில்லை.

பின்னர் நடந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. 1975 இல் போகம்பறையில், மறு சிறா எனப் பேர்பெற்ற கைதி மயக்க மருந்தின் மிகுதியால் நினைவிழந்த நிலையில் தூக்குமேடைக்குச் சுமந்து செல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். தண்டனை இன்னதென்று அறியாதவனுக்குத் தண்டனை விதித்தது எவ்வகை நீதி என்று நாடே கேட்டது. 1976 சூன் 23 ஆந் திகதிக்குப் பின் இலங்கையில் நீதிமன்ற ஆணையால் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 1978 ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு, மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒவ்வொருவர் விடயத்திலும் விசாரணை நீதிபதி, சட்டமா அதிபர், நீதி அமைச்சர் ஆகியோரின் கருத்துகள் சனாதிபதிக்குச் செல்ல வேண்டுமென ஏற்பாடு செய்தது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த சனாதிபதிகள் ஆணையில் கையொப்பமிடவில்லை. 2004 நவம்பரில் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய கொல்லப்பட்டபோது கயிறு மீளும் என்று அறிவிக்கப்பட்டது, மீளவில்லை. 2016 இல் ஐக்கிய நாடுகள் சபையில், மரணதண்டனையை உலகெங்கும் இடைநிறுத்தும் தீர்மானத்திற்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. மூன்றாண்டுகளில், 2019 பெப்ரவரியில், அலுகோசுப் பதவி இரண்டுக்கு விண்ணப்பங்கள் கோரி அரசு விளம்பரம் செய்தது. நல்லொழுக்கமுடையோர் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். சூன் மாதத்தில் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் ஆணைகளில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையொப்பமிட்டதாக அறிவித்தார். சூலை 5 ஆந் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

கொல்லும் அதிகாரம் ஒருவர் கையில் இருப்பின் விடுவிக்கும் அதிகாரமும் அதே கையில் இருக்கும். 2000 டிசெம்பரில் மிருசுவிலில் தமிழ்க் குடிமக்கள் எண்மர் கொல்லப்பட்ட வழக்கில், இராணுவத்தினர் ஒருவருக்கு 2015 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் சனாதிபதியின் மன்னிப்பால் அவர் வெளியே வந்தார். தூக்கு வேண்டாம் என்போரும் இதனைக் கண்டு மகிழ்ந்தாரல்லர். அவர்கள் கேட்டது உயிரைப் பறியாத தண்டனை. தண்டனையே இல்லாமையை அன்று.

296 ஆம் பிரிவு இன்றும் நீக்கப்படவில்லை. மேல் நீதிமன்றங்கள் மரணதண்டனையை விதித்தே வருகின்றன. சிறைகளில் அத்தண்டனை பெற்றோர் நூற்றுக்கணக்கில் உள்ளனர். தீர்ப்பை வாசிக்குமுன் மண்டபத்தின் விளக்குகளையும் விசிறிகளையும் நிறுத்துவது வழக்கம். எல்லாரும் எழுந்து நிற்பர். இன்ன நாளில், இன்ன இடத்தில், உயிர் பிரியும்வரை தூக்கிலிடப்பட வேண்டும் என்ற சொற்களை நீதிபதி வாசிப்பார். சில நீதிபதிகள் தீர்ப்பில் ஒப்பமிட்ட பேனாவை முறித்துவிடுவதும் உண்டு. அச்சொற்கள் நிறைவேறப் போவதில்லை என்பதை வாசிப்பவரும் அறிவார், கேட்பவரும் அறிவார். கூட்டில் நிற்பவர் மட்டும் அதை எவ்வளவு நம்புவது என்று அறியார்.